வேறொருவர் தளத்தில் என் விலைப்பட்டியல்: குரோமில் சரி, மற்றதில் கோளாறு

காவிரிக்கரையான்:
வணக்கம். தஞ்சாவூர் பக்கம் சின்ன அளவில் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். காய்கறி விலைப்பட்டியல் ஒன்றை என் சர்வரில் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் வைத்து உருவாக்குகிறேன். காலையில் விலையை உள்ளிட்டால் மாவட்டவாரியாக அட்டவணை தயாராகிவிடும். என் தளத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

இதைத் தங்கள் தளத்திலும் காட்ட வேண்டும் என்று மூன்று பேர் கேட்கிறார்கள். ஒன்று ஊர்ச் செய்தித் தளம், ஒன்று உழவர் உற்பத்தியாளர் குழு, இன்னொருவர் பிளாகரில் எழுதுபவர். ஆளுக்கு ஒரு வரி ஐஃப்ரேம் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு தளத்தின் பக்கத்தைப் பெட்டியாகக் காட்டும் குறி) கொடுத்தேன். பிளாகரில் குரோமில் நன்றாக வருகிறது. செய்தித் தளத்தில் வெறும் வெள்ளைப் பெட்டிதான். பழைய ஐபோனில் அட்டவணை பெட்டியை மீறி வலது பக்கம் ஓடுகிறது. ஒருமுறை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் என் தளத்தில் நினைவில் இருக்கிறது, அடுத்தவர் தளத்தில் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறது. உழவர் குழு ஐஃப்ரேம் வேண்டாம் என்றதால் அவர்களுக்கு மட்டும் ஸ்கிரிப்ட் வழி, அதாவது அவர்கள் பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக, கொடுத்தேன். அங்கே தமிழ் எழுத்துக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வரிசையாக நிற்கிறது.

எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி வர ஒரே வழி ஏதாவது உண்டா?

பழைய_நிரலன்:
ஒரே வழி கிடையாது தம்பி. முதலில் ஒரு கேள்வி. அந்த மூன்று தளங்களில் எதன் சர்வரிலாவது நீங்கள் கைவைக்க முடியுமா? முடிந்தால் அங்கே பிரவுசரை இந்த வேலைக்குள் இழுக்கவே வேண்டாம். அவர்கள் சர்வரே உங்கள் அட்டவணையை வாங்கி, தன் பக்கத்தோடு சேர்த்துத் தைத்து அனுப்பட்டும். பிரவுசருக்குப் போவது ஒரே எச்டிஎம்எல் பக்கம். சஃபாரியா ஃபயர்ஃபாக்ஸா என்ற பேச்சே எழாது. அபாச்சி சர்வரில் எஸ்எஸ்ஐ என்று ஒரு பழைய வசதி இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அது அதே சர்வரில் இருக்கும் கோப்பைத்தான் பக்கத்தோடு சேர்க்கும். பிஎச்பி தளமானால் கர்ல் (வேறு சர்வரிலிருந்து பக்கத்தை வாங்கும் வசதி) வைத்து வாங்கி, ஒரு கோப்பில் சேமித்து, அதை எக்கோ கட்டளையால் பக்கத்தில் எழுதலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பிஎச்பியின் இன்க்ளூட் கட்டளைக்குள் நேரடியாக வெளித்தள முகவரியைப் போடும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அது எச்டிஎம்எல்லை வாங்கிக் காட்டுவதில்லை, வருவதை நிரலாகவே ஓட்டும். 5.2 பதிப்பிலிருந்து அதற்கென்றே தனி அமைப்பு வைத்து மூடிவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் அதைத் திறந்துவிடச் சொல்லியிருப்பார்கள், கேட்காதீர்கள்.

காவிரிக்கரையான்:
உழவர் குழுவின் தளத்தை நான்தான் பராமரிக்கிறேன், வேறு ஹோஸ்டிங்கில் இருக்கிறது. செய்தித் தளத்தில் அவர்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், கோடு ஒட்டச் சொன்னால் ஒட்டுவார், அவ்வளவுதான். பிளாகரில் சர்வர் பக்கம் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய_நிரலன்:
அப்படியானால் உழவர் குழுவுக்கு சர்வரிலேயே தைத்துவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் ஐஃப்ரேம்.

நிரல்மாறன்:
ஐஃப்ரேம் எல்லாம் பழைய காலம் அண்ணே. ஒரு ஸ்கிரிப்ட் கொடுங்க. அது ஃபெட்ச் போட்டு உங்க சர்வர்ல இருந்து எச்டிஎம்எல் வாங்கி ஒரு டிவ்க்குள்ள போடும். உள்ள இருக்கிறதுக்கு ஏத்த மாதிரி பெட்டி உயரத்தை வெக்கிற பிரச்சினை இல்ல, அவங்க தளத்தோட ஃபான்ட்லயே வரும். பொது விலைதானே, கோர்ஸ் ஹெட்டர்ல (யார் வாங்கலாம்னு சர்வர் பதிலோட அனுப்புற குறிப்பு) நட்சத்திரக் குறி போட்டா எந்தத் தளத்துல இருந்தும் வாங்கிக்கலாம்.

வடமராட்சி:
நிரல்மாறன் சொல்லுறது வேலை செய்யும். ஆனா அதின்ர விலையையும் சொல்ல வேணும். வேறு ஒருத்தரின்ர ஸ்கிரிப்ட்டை என்ர பக்கத்தில போட்டா அது என்ர பக்கமாத்தான் ஓடும். என்ர குக்கியை (தளம் பிரவுசரில சேமிச்சு வைக்கிற சின்னக் குறிப்பு) படிக்கலாம், என்ர படிவங்களில ஆக்கள் தட்டுறதைப் பாக்கலாம், முழுப் பக்கத்தையும் மாத்தி எழுதலாம். காவிரிக்கரையான் நல்ல மனுசன், ஒண்டும் செய்யமாட்டார். அவரின்ர சர்வருக்குள்ள நாளைக்கு எவனாவது புகுந்தால்? மூண்டு தளமும் சேர்ந்து போகும். ஐஃப்ரேம் எண்டால் கெட்டுப்போறது அந்தப் பெட்டி மட்டும்தான்.

1995இல நெட்ஸ்கேப் 2 பிரவுசரில வந்த ஒரே மூலக் கொள்கைதான் இதுக்கெல்லாம் அடிப்படை. வேறு தளத்தில இருந்து வந்த ஃப்ரேமுக்குள்ள வெளிப்பக்கம் எட்டிப் பாக்கேலாது, உள்ளே இருக்கிறதும் வெளிய வரேலாது. உயரத்தைத் தெரிஞ்சுகொள்ள முடியாமல் இருக்கிறதும் அதாலதான்.

நிரல்மாறன்:
ஒரு காய்கறி விலைக்கு இவ்வளவு பயமா? எல்லாத் தளத்துலயும் விளம்பர ஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

வடமராட்சி:
ஓடுது. அதுதானே பிரச்சினையும்.

சீதாலட்சுமி_வெப்:
சண்டை பிறகு. அந்த எழுத்துக் கோளாறைப் பார்ப்போம், அது எனக்கு நன்றாகப் பழகியது.

யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்தை எண்களாகச் சேமிக்கும் முறை) ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாவதில் இரண்டே வகைதான் உண்டு. அந்த பைட்களைப் பழைய மேலைநாட்டுக் குறியாக்கமாகப் படித்தால் முதலாவது கோடு போட்ட ஏ, இரண்டாவது பெரும்பாலும் வட்டத்து ஆர். ஆகவே உங்கள் தரவு கெடவில்லை, படிப்பவர் தப்பாகப் படிக்கிறார்.

ஏன் ஸ்கிரிப்டில் மட்டும் என்றால், ஐஃப்ரேமுக்குள் வருவது தனிப் பக்கம். அதன் மெட்டா குறியே குறியாக்கத்தைச் சொல்லிவிடும். ஸ்கிரிப்ட் கோப்புக்கு மெட்டா கிடையாது. சர்வர் ஹெட்டரில் குறியாக்கம் சொல்லாவிட்டால், எந்தப் பக்கம் அதைக் கூப்பிட்டதோ அந்தப் பக்கத்தின் குறியாக்கத்தில் பிரவுசர் படிக்கும். உழவர் குழுவின் தளம் பழைய வார்ப்புருவாக இருக்கும், யூடிஎஃப்-8 அறிவித்திருக்காது. அதே ஸ்கிரிப்ட் பிளாகரில் சரியாக வரும். எல்லோரும் பிரவுசரைத் திட்டுவது இந்த இடத்தில்தான்.

ஹெட்டரில் குறியாக்கத்தைச் சேர்த்தால் முடிந்தது. இன்னொன்றும் கேட்கிறேன். தரவை ஸ்கிரிப்டுக்கு ஏற்ற வடிவமாக்கும் பிஎச்பியின் ஜேசான் என்கோடு, சும்மா விட்டால் தமிழை எல்லாம் பின்சாய்கோடு யூ போட்ட எண்களாக்கிவிடும். பார்க்க அசிங்கம், ஆனால் அது வெறும் ஆஸ்கி, அடிப்படை ஆங்கில எழுத்துகள். எந்தக் குறியாக்கத்திலும் கெடாது. தமிழர்கள் நாம் உடனே 'யூனிகோடை அப்படியே விடு' என்ற அமைப்பைப் போடுவோம், கோப்பைத் திறந்தால் தமிழ் தெரிய வேண்டுமே. நீங்களும் போட்டிருக்கிறீர்களா?

காவிரிக்கரையான்:
போட்டிருக்கிறேன்! எடுத்ததும் சரியாகிவிட்டது. ஹெட்டரிலும் சேர்த்துவிட்டேன்.

பழைய_நிரலன்:
பழைய குறியாக்கம் என்றதும் நினைவு வருகிறது. இன்றைக்கு 'ஐஃப்ரேம் எல்லா பிரவுசரிலும் வருமா' என்று யாரும் கேட்பதில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் (ஐஇ) 3 அதை 1996இல் கொண்டுவந்தபோது நெட்ஸ்கேப்பில் கிடையாது. நெட்ஸ்கேப் 4 அதே வேலைக்குத் தனக்கென்று லேயர், ஐலேயர் என்ற குறிகளை வைத்தது. நாங்கள் ஐஃப்ரேம் குறிக்குள்ளேயே ஐலேயர் குறியை ஒளித்து வைப்போம். ஐஃப்ரேம் தெரிந்த பிரவுசர் உள்ளே இருப்பதைக் கண்டுகொள்ளாது, தெரியாதது ஐலேயரை எடுத்துக்கொள்ளும். 2000இல் நெட்ஸ்கேப் 6 வந்தபோது லேயரைத் தூக்கிவிட்டார்கள், ஐஃப்ரேம் நிலைத்தது.

அதற்குள் எச்டிஎம்எல் 4.01இன் கறார் வடிவத்தில் ஐஃப்ரேமுக்கு இடமில்லை என்றார்கள், ஆப்ஜெக்ட் குறியைப் பயன்படுத்து என்றார்கள். ஐஇயில் ஆப்ஜெக்டைப் போட்டால் கேட்காமலேயே ஓரக்கோடும் உருள்பட்டையும் வந்து நிற்கும். தரச்சான்று வேண்டுமானால் ஒன்று, பக்கம் ஒழுங்காக வேண்டுமானால் இன்னொன்று. எச்டிஎம்எல்5 ஐஃப்ரேமைத் திரும்பச் சேர்த்தபோதுதான் அந்த இழுபறி ஓய்ந்தது.

வடமராட்சி:
ஆப்ஜெக்ட் எண்டால் இயோலாஸ் எண்ட நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மேல போட்ட வழக்கைச் சொல்லாமல் விடலாமோ? 2006இல ஐஇயைப் புதுப்பிச்ச பிறகு ஃப்ளாஷ், ஜாவா ஆப்லெட் எல்லாத்தையும் ஒருக்கா சொடுக்கினால்தான் இயங்கும் எண்டு ஆச்சுது. பக்கத்துக்குள்ள வெளி நிரலைப் பதிச்சு ஓட்டுறதுக்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1998இல வாங்கின காப்புரிமையின்ர உரிமம் இயோலாஸிட்ட இருந்தது. 2003இல ஜூரி மைக்ரோசாஃப்ட் 52 கோடி டொலர் குடுக்க வேணும் எண்டது. அதாலதான் அந்தச் சொடுக்கு.

வேடிக்கை என்னெண்டால், அதே ஆப்ஜெக்ட் குறியை வேற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில இருந்து எழுதினால் சொடுக்கு தேவையில்லை! உலகம் முழுக்க டெவலப்பர்மார் அந்த வேலையைச் செய்தவை. 2007இல ரெண்டு பேரும் சமரசம், 2008இல சொடுக்கு போச்சுது. 2012இல டெக்சாஸில இன்னொரு வழக்கு, வலையை உருவாக்கின டிம் பெர்னர்ஸ்-லீயே வந்து சாட்சி சொன்னவர். அந்தக் காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லாது எண்டு ஜூரி முடிவு சொல்லிச்சுது.

மட்டுறுத்துநர்:
சுவையான கதைதான், தனி இழை தொடங்கலாமே. கேட்டவருடைய வெள்ளைப் பெட்டி அப்படியே இருக்கிறது.

சீதாலட்சுமி_வெப்:
காவிரிக்கரையான், செய்தித் தளத்தைக் கணினியில் திறந்து எஃப்12 அழுத்தி கன்சோலில் சிவப்பாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது.

காவிரிக்கரையான்:
மிக்ஸ்டு கன்டென்ட், தடுக்கப்பட்டது என்று இருக்கிறது. அவர்கள் தளம் எச்டிடிபிஎஸ். நான் கொடுத்த முகவரி எச்டிடிபி.

சீதாலட்சுமி_வெப்:
அதேதான். பாதுகாப்பான பக்கத்துக்குள் பாதுகாப்பற்ற ஃப்ரேமை இன்றைய எந்த பிரவுசரும் ஏற்றாது. ஃபயர்ஃபாக்ஸ் 23 வந்த 2013லிருந்து இதுதான் நிலைமை. படம் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், ஃப்ரேமுக்கும் ஸ்கிரிப்டுக்கும் இல்லை. முகவரியில் எஸ் சேருங்கள்.

காவிரிக்கரையான்:
சேர்த்தேன். இப்போது வெள்ளைக்குப் பதில் சாம்பல் பெட்டி, சோக முகம் போட்ட கோப்புப் படம், 'இணைக்க மறுத்துவிட்டது' என்று என் தளத்தின் பெயரோடு. நான் யாரையும் மறுக்கவில்லையே! செய்தித் தளத்துக்காரர் தன் பக்கம் ஏதாவது தடை வைத்திருக்கிறாரா?

பழைய_நிரலன்:
இல்லை, மறுப்பது உங்கள் சர்வர்தான். எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் என்ற ஹெட்டர் 'சேம் ஆரிஜின்' (சொந்தத் தளத்துக்குள் மட்டும்) என்று போய்க்கொண்டிருக்கும். உங்கள் பக்கத்தை யார் ஃப்ரேமுக்குள் வைக்கலாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு, வைப்பவருக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஃப்ரேமை மேலே போர்த்தி ஆளைச் சொடுக்க வைக்கும் மோசடியைத் தடுக்க ஐஇ 8 இதை 2009இல் கொண்டுவந்தது. ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல்களில் சிலது எச்டிடிபிஎஸ் பக்கத்துக்கு இதைத் தானாகவே சேர்த்துவிடும்.

காவிரிக்கரையான்:
ஆமாம், இருக்கிறது. 'அலவ் ஃப்ரம்' என்று போட்டு அந்த இரண்டு தளத்தின் பெயரையும் கொடுக்கலாமா?

பழைய_நிரலன்:
வேண்டாம். அதைக் குரோமும் சஃபாரியும் ஒருநாளும் ஏற்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஏற்றது, பிறகு அதுவும் கைவிட்டது. அத்தோடு அதில் ஒரே ஒரு தளத்தைத்தான் சொல்ல முடியும். இப்போதைய வழி கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி என்ற ஹெட்டரில் 'ஃப்ரேம் ஆன்செஸ்டர்ஸ்' என்ற வரி. எத்தனை தளம் வேண்டுமானாலும் அடுக்கலாம். விலைப்பட்டியல் பக்கத்துக்கு மட்டும் போடுங்கள். உங்கள் அட்மின் லாகின் பக்கத்தில் 'சேம் ஆரிஜின்' அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காவிரிக்கரையான்:
வந்துவிட்டது! குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் சரி. இனி உயரமும் மறதியும்தான்.

நிரல்மாறன்:
உயரத்துக்கு நான் சொல்றேன், ஐஃப்ரேம் பிடிக்காட்டியும் நிறைய மேய்ச்சிருக்கேன். உள்ள இருக்கிற பக்கம் தன் உயரத்தை அளந்து போஸ்ட்மெசேஜ்ல வெளிப்பக்கத்துக்குச் சொல்லணும். வெளிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதைக் கேட்டு ஐஃப்ரேம் உயரத்தை மாத்தணும். ரீசைஸ் அப்சர்வர் வெச்சா உள்ள எது மாறினாலும் தானா சொல்லும்.

மாட்டிக்கிற இடம் ரெண்டு. ஸ்க்ரோல் ஹைட்டை அளக்காதீங்க. அது பெட்டியோட இப்போதைய உயரத்துக்குக் கீழ இறங்கவே இறங்காது. பெரிய மாவட்டம் பாத்துட்டு சின்ன மாவட்டத்துக்குப் போனா கீழ காலி இடம் அப்படியே கிடக்கும். எச்டிஎம்எல் உறுப்போட ஆஃப்செட் ஹைட்டை எடுங்க. அடுத்தது, உள்ள எங்கயாவது உயரத்தை 100 விஎச் மாதிரி ஜன்னலை வெச்சு கொடுத்து, அதுக்கு மேல கொஞ்சம் மார்ஜினும் இருந்தா, பெட்டி வளரும், அதைப் பாத்து உள்ள வளரும், திரும்பப் பெட்டி வளரும். பக்கம் நிக்காம ஓடும்.

வெளிய கேக்குற ஸ்கிரிப்ட் யார்கிட்ட இருந்து செய்தி வருதுன்னு பாக்கணும், இல்லாட்டி எவன் அனுப்பினாலும் பெட்டி ஆடும்.

வடமராட்சி:
அதில ஒரு நுணுக்கம் இருக்குது. செய்தித் தளக்காரர் சாண்ட்பாக்ஸ் பண்பு (ஐஃப்ரேம் என்னென்ன செய்யலாம் எண்டு கட்டுப்படுத்துறது) போட்டு, ஸ்கிரிப்ட்டை மட்டும் அனுமதிச்சு, சொந்த மூலத்தைக் குடுக்காட்டி, உங்கட செய்தியின்ர மூலம் 'நல்' (null, வெறுமை) எண்டு வரும். தளப் பெயரை ஒப்பிட்டால் பொருந்தாது, பெட்டி சும்மா கிடக்கும். அதுக்கு, செய்தி அந்த ஐஃப்ரேமின்ர ஜன்னலில இருந்துதான் வந்ததோ எண்டு பாருங்கோ. ரெண்டு விதத்திலயும் வேலை செய்யும்.

பழைய ஐபோன் விசயம் வேற. ஐஓஎஸ் 12 வரைக்கும் சஃபாரி ஐஃப்ரேமைத் தன்ர இஷ்டத்துக்கு உள்ளடக்க அளவுக்கு விரிச்சுப் போடும், நீங்கள் குடுத்த அகலத்தைக் கேக்காது. அகலம் 1 பிக்சல், குறைந்தபட்ச அகலம் 100 விழுக்காடு எண்டு குடுத்துப் பாருங்கோ. வாசிக்கப் பைத்தியக்காரத்தனமா இருக்கும், ஆனா அடங்கிப் போகும். உள்ள அட்டவணையைச் சுத்தி ஒரு டிவ் போட்டு அதுக்குப் பக்கவாட்டு உருட்டலும் குடுங்கோ.

காவிரிக்கரையான்:
அடங்கிவிட்டது, நம்பவே முடியவில்லை. மாவட்ட மறதிக்கு? குக்கியில் வைத்திருக்கிறேன்.

சீதாலட்சுமி_வெப்:
அடுத்தவர் தளத்துக்குள் உங்கள் குக்கி மூன்றாம் தரப்புக் குக்கி. சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து அதை முழுக்கத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022லிருந்து தளத்துக்கு ஒரு ஜாடி என்று பிரித்து வைக்கிறது. குரோம் இன்னும் விட்டுவைத்திருக்கிறது, ஆனால் 80ஆம் பதிப்பிலிருந்து சேம்சைட் பண்பை 'நன்' (None) என்றும், செக்யூர் என்றும் சொன்னால்தான் ஃப்ரேமுக்குள் குக்கி போகும். நீங்கள் எதுவும் சொல்லவில்லை, அதனால் குரோமிலும் மறக்கிறது. சொன்னால் குரோமில் திரும்ப வரும், சஃபாரியில் வராது.

நிரல்மாறன்:
குக்கிக்கு அனுமதி கேக்குற ஸ்டோரேஜ் ஆக்சஸ் ஏபிஐ இருக்கே?

சீதாலட்சுமி_வெப்:
அதற்கு ஆள் சொடுக்க வேண்டும், சஃபாரியில் அனுமதிப் பெட்டியும் வரலாம். கத்தரிக்காய் விலை பார்க்க வந்தவரிடம் 'இந்தத் தளம் உங்களைக் கண்காணிக்கலாமா' என்று கேட்பதா? திருவாரூர் ஊர்த் தளத்துக்கு வருகிறவருக்கு எதற்கு மாவட்டத் தேர்வு? மாவட்டத்தை ஐஃப்ரேம் முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பிறகு போட்டுக் கொடுங்கள். குக்கியே வேண்டாம்.

பழைய_நிரலன்:
அதைச் செய்தால் இன்னொரு லாபம். விலை நாளுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. ஒவ்வொரு பார்வைக்கும் பிஎச்பியும் தரவுத்தளமும் ஓடுவானேன்? காலையில் விலையை ஏற்றியதும் மாவட்டத்துக்கு ஒரு எச்டிஎம்எல் கோப்பாக எழுதி வைத்துவிடுங்கள். கேஷ் ஹெட்டரில் (பிரவுசர் நகலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சொல்வது) பத்து நிமிடம் கொடுங்கள். மலிவு ஹோஸ்டிங்கிலும் தாங்கும்.

கேட்டறிவோன்:
நான் பார்வையற்றவன், என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறேன். இவ்வளவு பேசிவிட்டு டைட்டில் பண்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஐஃப்ரேமுக்கு டைட்டில் இல்லாவிட்டால் எனக்கு 'ஃப்ரேம்' என்று மட்டும் கேட்கும், உள்ளே விளம்பரமா விலையா தெரியாது. பெரும்பாலும் விளம்பரம் என்று தாண்டிப் போய்விடுவேன். 'இன்றைய காய்கறி விலை, திருவாரூர்' என்று தமிழில் வையுங்கள். அட்டவணையின் தலைப்புக் கட்டங்களுக்கு டிஎச் குறியைப் போடுங்கள். அப்போதுதான் 'கத்தரி, சில்லறை விலை, 40' என்று சேர்த்துச் சொல்லும். இல்லையென்றால் எண்களாக ஒப்பிக்கும்.

காவிரிக்கரையான்:
நன்றி ஐயா, இரண்டையும் இப்போதே சேர்க்கிறேன். ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் உயரம் என்ன ஆகும்?

பழைய_நிரலன்:
நியாயமான ஒரு நிலையான உயரத்தைப் பண்பில் கொடுத்து வையுங்கள், ஸ்கிரிப்ட் ஓடினால் அதைத் திருத்தட்டும். ஐஃப்ரேமுக்குக் கீழே வெளிப்படையாக 'முழு விலைப்பட்டியல்' என்று ஒரு சாதாரண இணைப்பு. ஐஃப்ரேம் குறிக்குள் எழுதினால் இன்றைக்கு எந்த பிரவுசரிலும் தெரியாது, அது ஐலேயர் காலத்தோடு போனது.

நிரல்மாறன்:
சரி, உழவர் குழு தளத்துக்காவது என் ஸ்கிரிப்ட்?

காவிரிக்கரையான்:
அங்கே சர்வரிலேயே தைத்துவிட்டேன் தம்பி, கர்ல் வைத்து. என் சர்வர் படுத்துவிட்டால் நேற்றைய கோப்பைத் தேதியோடு காட்டும். இப்போது செய்தித் தளக்காரர் ஒன்று சொல்கிறார். பெட்டிக்குள் இருக்கும் 'விலை வரலாறு' இணைப்பைத் தொட்டால் அந்தக் குட்டிப் பெட்டிக்குள்ளேயே என் தளம் முழுவதும் திறக்கப் பார்க்கிறதாம், பிறகு 'மறுத்துவிட்டது' என்கிறதாம்.

சீதாலட்சுமி_வெப்:
வரலாற்றுப் பக்கத்தில் 'சேம் ஆரிஜின்' இருக்கிறதல்லவா, அது சரியாகத்தான் வேலை செய்கிறது. உள்பக்கத்தின் தலைப்பகுதியில் பேஸ் குறி போட்டு டார்கெட்டை 'பிளாங்க்' ஆக்குங்கள், எல்லா இணைப்பும் புது டேபில் திறக்கும். அவர் சாண்ட்பாக்ஸ் போட்டிருந்தால் அதில் 'அலவ் பாப்பப்ஸ்' சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொட்டால் ஒன்றுமே நடக்காது.

காவிரிக்கரையான்:
போட்டிருக்கிறார். இப்போது திறக்கிறது.